ஈரம் அளக்கப் போன முடி

என்மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருக்கும் அத்தை அவர்களுக்கு,

உங்கள் மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் மகளும் நலம். ஆனால் இரண்டு பேரும் தனித்தனி அறையில் நலம். மாமாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையவில்லை என்றால், நீங்கள் தடவிக்கொண்டிருப்பதை நிறுத்திப் பாருங்கள், தானாகவே குறையும்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் உங்களை இடைமறிக்க முடியாது. கடிதத்தில் நீங்கள் என்னை இடைமறிக்க முடியாது. வேறு காரணம் இல்லை. எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். "பரவாயில்ல தம்பி, அதுக்கெல்லாம் எங்க வீட்ல ஏற்கெனவே ஆள் இருக்கு" என்றார். யாரைச் சொன்னார் என்று அப்போது புரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் உங்கள் வீட்டுக்குக் கிளம்புகிறாள். பெட்டி கட்டியாகிவிட்டது. எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டேன், ஜன்னலைப் பார்த்தாள். என் வேலை இந்த மாதம் நிரந்தரமாகியிருக்க வேண்டும், அதுவும் ஆகவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: உலர்ந்த முடி நுனிக்கு நீங்கள் சொன்ன இயற்கை வைத்தியம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்து முடித்ததும் அவளுக்குப் போன் போட்டு, தப்பு உங்கள் மேல்தான், என் மேல் இல்லை என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதத்தில் நான் கேட்பது இவ்வளவுதான்.

முதலில் என் வேலை. சொந்தக்காரர்களிடம் "மாப்பிள்ளை கடிகாரம் ரிப்பேர் பண்றார்" என்று நீங்கள் சொல்லிவருவது எனக்குத் தெரியும். நான் கடிகாரம் ரிப்பேர் பண்ணவில்லை. நான் அளவுக்கருவிப் பொறியாளன். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்கிற பெட்டிகளைச் செப்பனிடுவது எங்கள் பட்டறையின் தொழில். பழைய காலத்துப் பெட்டிகளில் மனித முடிதான் வைத்திருப்பார்கள். சிரிக்காதீர்கள், நிஜம். காற்றில் ஈரம் ஏறினால் முடி துளி நீளும், காய்ந்தால் துளி சுருங்கும். கண்ணுக்கே தெரியாத அந்த அசைவை ஒரு கம்பி பெரிதாக்கிப் பேனாவுக்குக் கொடுக்கும். பேனா, மெதுவாகச் சுழலும் உருளையில் சுற்றிய தாளில் கோடு போட்டுக்கொண்டே போகும். ஈரம் கூடினால் கோடு ஏறும், குறைந்தால் இறங்கும். இதில் மந்திரமும் இல்லை, மூலிகையும் இல்லை.

ஒரு காகிதக் கிடங்கில் இப்படி ஒரு பெட்டி. அதில் முடி அறுந்துவிட்டது. காகிதத்துக்கு ஈரம் ஆகாது. கொஞ்சம் ஏறினாலும் தாள் வளையும், வளைந்த தாள் அச்சு இயந்திரத்தில் போய்ச் சிக்கும். அதனால் கிடங்குக்காரர்கள் அவசரப்பட்டார்கள். எங்கள் முதலாளியைப் பட்டறையில் 'அப்புறம்' என்றுதான் கூப்பிடுவோம், அவர் காதில் விழாமல். எதைக் கேட்டாலும் அப்புறம் என்பார். என் நிரந்தரக் கடிதத்தைக் கேட்கும்போதெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை, "தம்பி, இந்தப் பெட்டிய ஓட வை, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். சாயம் போடாத, சூட்டுக்கோல் வைத்து நீட்டாத, நீளமான முடி வேண்டும். பட்டறையில் யாருக்கும் நீள முடி இல்லை. கணக்கு பார்க்கும் அம்மாவுக்கு இருக்கிறது, ஆனால் அது முக்கால்வாசி சாயம். முதலாளிக்கு முடியே இல்லை. என் வீட்டில் இடுப்பு வரை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டேன். இந்த முழுக்கதையில் நான் செய்த ஒரே தவறு அதுதான்.

"எவ்வளவு வேணும்?" என்றாள்.

"ஒரு சாண் போதும். கீழ்ப்பக்கம்."

"கீழ்ப்பக்கமா? அங்கதாங்க நுனியெல்லாம் காஞ்சு வெடிச்சுக் கெடக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு நாலு பேரு பாப்பாங்கல்ல?"

"முடிய எவனும் பாக்க மாட்டான். கோட்டத்தான் பாப்பான்."

"நீங்க பாப்பீங்கல்ல? எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க, சரி பண்ணித் தர்றேன். என் முடி ஆபீஸ் போகுது. தொடப்பம் மாதிரியா அனுப்புவேன்?"

வெட்டி எறியப்போகிற முடிக்கு வைத்தியம். இடிக்கப்போகிற வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. இதை அவளிடம் சொன்னேன். அவள் உடனே உங்களுக்குப் போன் போட்டாள்.

அன்றிலிருந்து என் வீட்டில் உங்கள் குரல்தான். காலையில் பல் தேய்க்கும்போது குரல் பதிவு, சாப்பிடும்போது குரல் பதிவு. "கண்ணு, நுனி தாகமா இருக்கும்மா, பாவம். வாழப்பழத்த நல்லா மசிச்சுத் தடவு. அது குடிச்சுக்கும்." அத்தை, முடி எதையும் குடிக்காது. வாய் இருந்தால்தானே குடிக்கும்? தோலுக்கு வெளியே வந்த முடி செத்த பொருள், நகம் மாதிரி. நகம் உடைந்தால் பழச்சாறா கொடுப்போம்? எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற சங்கதி. உங்கள் மகள் அதில் நூற்றுக்கு எண்பது வாங்கியவள். நீங்கள் ஒரு பதிவு அனுப்பினீர்கள், அந்த எண்பதும் போயிற்று.

வாழைப்பழம் தடவினாள். நன்றாக மசித்து என்றீர்களே, நன்றாக என்றால் எவ்வளவு? அவள் கரண்டியால் மசித்தாள். தடவிக்கொண்டு துணி துவைத்தாள், மடித்தாள், யாரோ தோழியுடன் பேசினாள். அதற்குள் பழம் காய்ந்து சிமெண்டாகிவிட்டது. அலசினால் போகவில்லை. சீப்பு உள்ளே போனது, வெளியே வரவில்லை. கடைசியில் அவள் முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார, பொறியியல் படித்த நான், கருவிக்குள் மயிரிழைக் கம்பியை எடுக்கிற இடுக்கியால், ஒவ்வொரு துணுக்காக வாழைப்பழம் பொறுக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அதைச் சொன்னால் உங்களிடமிருந்து பதில் வருகிறது: "ஏண்டி, வடிகட்டலையா? வடிகட்டணும்னு வேற தனியா சொல்லணுமா?" ஆமாம், சொல்லணும். ஒரு செய்முறை என்றால் அதில் எல்லாப் படியும் இருக்க வேண்டும். எங்கள் பட்டறையில் நீங்கள் ஒரு வாரம் நீடிக்க மாட்டீர்கள்.

அடுத்து என் பனியன். துவாலை முரடு, அதில் துடைத்தால் நுனி பிய்யும், பழைய பருத்திப் பனியனால் ஒற்றி எடுக்க வேண்டும் என்றீர்கள். என் பனியன்களில் எது பழசு என்று என்னை யாரும் கேட்கவில்லை. போட்டுக்கொண்டிருப்பதைத் தவிர எல்லாம் பழசு என்று தாயும் மகளும் முடிவு செய்துவிட்டீர்கள். ஒரு நாள் சட்டைக்குள் ஒன்றுமில்லாமல் வேலைக்குப் போனேன். கொடியில் என் பனியன்கள் எல்லாம் கற்றை கற்றையாக முறுக்கி, தலைமுடி ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தன.

பிறகு ஆளி விதை. கொதிக்க வைத்தால் கொழகொழவென்று வருமே, அதை வடிகட்டி நுனியில் தடவ வேண்டும் என்றீர்கள். இந்தத் தடவை வடிகட்டத்தான் வேண்டும் என்று தெரிந்து வடிகட்டினாள். வடிகட்டிய சக்கையை எங்கே கொட்டுவது என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள். கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா இருக்கிறார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு வாடகை ஞாபகம் வரும். வந்தார். "தம்பி, உங்க கொழாயில என்னத்த ஊத்துறீங்க? எங்க வீட்டுத் தொட்டியில ஜெல்லி மீன் மாதிரி மொதக்குது!" குழாயை நானேதான் கழற்றினேன். உள்ளேயிருந்து வந்ததை நான் விவரிக்கப் போவதில்லை, நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படிப்பீர்கள். நான் தொட்டிக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறேன். மேலே உங்கள் மகளிடம் பேசும் வீட்டுக்காரம்மாவின் குரல் மெல்ல இறங்குகிறது: "நெசமாவா? வெடிப்பு நிக்குதா? எனக்குந்தான் ஒரே வறட்சி. எவ்வளவு வெத, எவ்வளவு தண்ணி?" சண்டைக்கு வந்தவர் செய்முறையை எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் குழாய் கீழிருந்து அடைத்தது.

இதற்கிடையில் தினமும் சாயங்காலம் நான் உள்ளே நுழைந்ததும் அவள் முடியை என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். "தொட்டுப் பாருங்க. மெத்துன்னு இல்ல?" மெத்து என்பதற்கு அலகு கிடையாது, அளக்க முடியாததைப் பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை என்றேன். "ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?" என்றாள். எனக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் இன்னும் விளங்கவில்லை.

ஒரு வழியாக வெட்டினாள். அவளே சமையலறைக் கத்தரியால் வெட்டி, நூலால் கட்டி, என் சாப்பாட்டு டப்பாவில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் படுக்க வைத்தாள். "பத்திரம். ஒண்ணுகூடக் கீழ விழக் கூடாது" என்றாள், ஏதோ பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி. அன்று பகல் முழுக்கப் போனில் கேள்வி: "போட்டாச்சா? எப்படி இருக்கு? எல்லாரும் பாத்தாங்களா?" நான் முறைப்படி அந்த முடியை ஸ்பிரிட்டில் கழுவினேன். முடியில் எண்ணெய் இருந்தால் ஈரம் உள்ளே போகாது, கோடு அசையாது. ஆகவே கழுவினேன். பட்டறையிலேயே பெட்டிக்குள் கட்டினேன். இரண்டு நாள் வைத்துச் சோதித்துவிட்டு அனுப்புவோம் என்றேன். முதலாளி கேட்கவில்லை. "இன்னைக்கே கொண்டு போய் மாட்டு. டெஸ்ட்டெல்லாம் அப்புறம்." வண்டியில் கொண்டுபோய்க் கிடங்குச் சுவரில் மாட்டினேன்.

ஒரு வாரம் கழித்துத் தாளைக் கழற்றினோம். முதலாளி, கிடங்கு மேலாளர், நான். கோடு நேராக இருந்தது. நேராக என்றால் அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி. அந்த வாரம் விடாமல் மழை. என் செருப்பே பூஞ்சை பிடித்துவிட்டது. கிடங்குக்குள் மட்டும் காற்று இம்மியளவும் மாறவில்லையாம். மேலாளருக்கு ஆனந்தம். "பாத்தீங்களா சார், எங்க கெடங்கு எப்படின்னு! வெளிய மழை கொட்டுது, உள்ள ஒரு அசைவில்ல!" என்று தாளை எடுத்துப்போய்த் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். முதலாளி என் முதுகில் தட்டினார். சட்டைப் பையிலிருந்து என் நிரந்தரக் கடிதத்தை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். அத்தை, அந்த மூடி கழன்ற சத்தத்தை நான் என் காதால் கேட்டேன்.

அப்போதுதான் கிடங்கை ஒட்டிய அச்சுக்கூடத்து மேஸ்திரி உள்ளே வந்தார். கையில் ஒரு தாள். கொஞ்சம் விட்டால் தானே சுருண்டு புல்லாங்குழலாகியிருக்கும். "காலைலேர்ந்து மிஷின்ல சிக்கிட்டே இருக்கு சார். கோடு நேரா இருக்குன்றீங்க, தாளு வளஞ்சு கெடக்கு. நான் எத நம்புறது?"

"கோட்ட நம்பு" என்றார் மேலாளர்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முதலாளி என் காலை மிதித்து அதைத்தான் சொன்னார். எனக்கு அது வராது. பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்து முடியைப் பார்த்தேன். பளபளவென்றிருந்தது. முகர்ந்தேன். ஸ்பிரிட்டில் கழுவியும் போகாமல் உங்கள் வீட்டு எண்ணெய் வாசனை. காய்ச்சி, ஆறின வெதுவெதுப்பில் தொட்டு நுனியில் பூசிக்கொள் என்று இன்னொரு பதிவில் சொன்னீர்களே, அதே எண்ணெய். எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. "சார், இது கோடு இல்ல, பொய். முடியில ஈரமே ஏறல. என் மாமியார் எண்ணெயப் பூசச் சொல்லி முடிய அடச்சு வெச்சிருக்காங்க. இந்த முடிக்கு ஒரு மண்ணும் தெரியாது" என்றேன். கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன். மூட்டை தூக்குகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை. முதலாளி பேனா மூடியை மாட்டிக் கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டார். அப்புறம் என்றுகூடச் சொல்லவில்லை. "வேற முடி போடு. இல்லன்னா வேற வேல பாத்துக்க" என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் மகளிடம் உண்மையைச் சொன்னேன். என்ன பேசிக்கொண்டோம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

"எல்லார் முன்னாடியும் எங்கம்மாவச் சொன்னீங்களா?"

"காரணத்தச் சொன்னேன். காரணம் உங்கம்மா."

"என் முடி?"

"அது உதவாத முடி."

என் கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை வாங்கி வைத்தாள். பிறகு, "நான் ஆசயா வெட்டிக் குடுத்தேன்" என்றாள். "அந்த உதவாத முடிய எங்கிட்டயே கொண்டாந்து குடுத்துடுங்க. ஒண்ணு கொறையக் கூடாது. வாங்கிட்டுத்தான் பஸ் ஏறுவேன்." கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு வீட்டில் பேசுவது உங்கள் குரல் பதிவு மட்டும்தான். நேற்று அதில், "நுனிய வெட்டினதும் நல்லதுதான் கண்ணு, இனிமே நல்லா வளரும்" என்கிறீர்கள். அத்தை, இத்தனை நாள் பழமும் விதையும் எண்ணெயும் பூசி, கடைசியில் வெட்டினால்தான் நல்லது என்றால், அதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே? ஒரு கத்தரி போதுமே? என் பனியன்கள் பிழைத்திருக்குமே?

ஆகவே, இனிமேல் என் வீட்டுக்குப் பழம், விதை, பட்டை, இலை சம்பந்தமான எந்தப் பதிவும் வர வேண்டாம். வியாழக்கிழமைக்குள் உங்கள் மகளுக்குப் போன் செய்து பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். நான் சொன்னால் கோபப்படுகிறாள். நீங்கள் சொன்னால் வாழைப்பழத்தையே தலையில் வைத்துக்கொள்கிறவள், இதையும் கேட்டுக்கொள்வாள்.

மாமாவுக்கு என் அன்பும் வணக்கமும். அவர் தலையைப் பார்த்த அன்றே எனக்கு உங்கள் வைத்தியத்தின் தரம் புரிந்திருக்க வேண்டும். சின்ன மச்சினனுக்கு என் ஆசிகள், அவனைத் தலைக்கு ஒன்றும் தடவாமல் படிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், ஆலோசனை வேண்டாம்.

இப்படிக்கு,
மரியாதை குறையாத
மருமகன்

பி.கு.: உறையை ஒட்டுமுன், உங்கள் மகள் கேட்ட முடியைக் கழற்றிவரக் கிடங்குக்குப் போனேன். இந்தத் தடவை பெட்டியின் முன்மூடியையே கழற்றினேன். பேனாவைத் தாங்கும் கம்பி வண்டியில் ஆடி உடையாமல் இருக்க, கொண்டுபோகும்போது அதை ஒரு பித்தளைக் கொக்கியால் பிடித்து வைப்போம். சுவரில் மாட்டியதும் முதல் வேலை அந்தக் கொக்கியை எடுத்துவிடுவது. பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு முதல் பாடமாக நான்தான் இதைச் சொல்லிக் கொடுப்பேன். கொக்கி அப்படியே இருந்தது. அது இருக்கிறவரை உள்ளே முடியைக் கட்டினாலும் ஒன்றுதான், யானை வாலைக் கட்டினாலும் ஒன்றுதான். எடுத்தேன். முடிமேல் ஒரு தடவை ஊதினேன். பேனா துள்ளி ஏறியது. விலகி நின்றேன். சரியான இடத்துக்கு இறங்கி வந்தது. ஈரத்துணியை வைத்துப் பார்த்தேன், கம்பெனியிலிருந்து பெட்டியோடு வரும் முடிகூட இவ்வளவு சுத்தமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. நுனிகளைப் பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகத் தேடினேன். வெடிப்பு இல்லை. வாசனை என் சாப்பாட்டு டப்பாத் துணியுடையது. ஆகவே, மேலே 'விஷயத்துக்கு வருகிறேன்' என்ற இடத்திலிருந்து 'மருமகன்' வரை எழுதியது எதுவும் செல்லாது. வாழைப்பழப் பத்தியும் குழாய்ப் பத்தியும் மட்டும் செல்லும். முடியைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை, வெறும் கையோடு வந்தேன். உங்கள் மகளிடம் கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கதவு திறந்தது. "எங்க வெச்சு எங்கம்மாவச் சொன்னீங்களோ அங்கயே நின்னு, அதே சத்தத்துல, கொக்கிய எடுக்காதது நாந்தான்னு சொல்லணும்" என்றாள். மேலாளர் அந்த நேர்கோட்டை இன்னும் மேஜைமேல்தான் வைத்திருக்கிறார். முதலாளி கடிதத்தைக் கிழிப்பாரா, கையெழுத்துப் போடுவாரா தெரியாது. நாளைக் காலை சொல்லத்தான் போகிறேன். அவளும் கூட வருகிறாளாம், முடி வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமாம். அதற்காக இப்போது தலையில் கற்றாழை பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கும் பூசிவிட்டாள். காய்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. தலைக்குப் பூசியதற்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.